சக்கரத்துக்குக் கல் வைத்தவள்

என் அம்மா ஓடுகிற ரயிலுக்குக் கல் வைத்தாள் என்று எங்கள் சொந்தத்தில் ஒரு கதை சொல்வார்கள். கல்யாணப் பந்தியில் யாராவது ஆரம்பித்தால் பாயசம் வருகிறவரை ஓடும். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். ரயில் ஓடவில்லை, மேட்டில் நின்றுகொண்டிருந்தது. அம்மா மட்டும் வைக்கவில்லை, நானும் வைத்தேன். அம்மா ஒரு சக்கரத்துக்கு, நான் அடுத்த சக்கரத்துக்கு. சிரிக்கிறவர்கள் இரண்டு பேரையும் சேர்த்தே சிரிக்கட்டும். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அன்றைக்கும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டைத் தாண்டி ஒரு காபி எஸ்டேட்டில் எங்கள் வீடு. வீடு என்றால் எங்களுக்குச் சொந்தமில்லை, எஸ்டேட் கொடுத்த லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், குடும்பத்துக்கு ஒன்று. அதில் குடியிருக்க ஒரு முறை உண்டு. குடும்பத்தில் இரண்டு பேராவது எஸ்டேட் வேலையில் இருக்க வேண்டும். ஒருவர் முடியாமல் போனால் பிள்ளைகளில் ஒருவர் பேர் பதிய வேண்டும். என் தாத்தா கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த காலத்திலிருந்து அப்படித்தான். அதை யாரும் சட்டம் என்று சொன்னதில்லை. மீறியவர்களும் இல்லை.

எங்கள் வீட்டில் முடியாமல் போனவர் அப்பா. அதைச் சொல்வதற்கு முன்னால் கல் விஷயத்தைச் சொல்ல வேண்டும். மலையில் ஏற்றத்தில் வண்டி நின்றால், பின்னால் இருக்கிறவர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பார். டிரைவர் சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பஸ்ஸுக்குக் கிளீனர் கட்டை வைப்பார், எஸ்டேட் லாரிக்கு நாங்கள்தான். வண்டி லேசாகப் பின்வாங்கினால் போதும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கைகூடத் தானாகக் கல்லைத் தேடும். ஒரு மழைநாளில் அப்பா ஏறியிருந்த லாரி வளைவில் நின்றபோது, "பிரேக் நிக்குது, ஒருத்தரும் எறங்க வேண்டாம்" என்றார் டிரைவர். அவர் பேச்சைக் கேட்டு யாரும் இறங்கவில்லை. லாரி பின்னால் உருண்டு பாறைக்கரையில் மோதியது. அப்பாவின் வலது கால் அதற்கப்புறம் பேருக்குத்தான் இருந்தது. எஸ்டேட்டில் விசாரித்தார்கள். கல் வைக்காதது வேலையாட்கள் செய்த தப்பு என்று முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா எந்த பிரேக்கையும் நம்பியதில்லை.

நான் பன்னிரண்டாவது முடித்து வீட்டில் இருந்தேன். காபிப் பழம் பறிக்கும் காலம் தொடங்கியதும் ரைட்டர் வாசலுக்கே வந்தார். எங்கள் பேரையெல்லாம் எழுதுகிறவர் அவர்தான், யார் வீட்டில் யார் இருக்கலாம் என்பதும் அவர் வாயில்தான் இருந்தது.

"புள்ளை பெருசாயிருச்சு. பேரைப் பதிஞ்சிரலாமுங்களா?"

"இல்லீங்க, நர்ஸ் படிக்கப் போகுது" என்றாள் அம்மா.

ரைட்டர் சிரித்தார். "யாரு, இந்தப் புள்ளையா? சேலத்தையே முழுசாப் பாக்காத புள்ளை. சரி, போகட்டும். பறிப்பு முடியறப்ப ஊடும் போகுமே, அதை யோசிச்சீங்களா?"

"ஊடு போனா மரத்தடி இருக்குதுங்க. மலையில மரத்துக்கா பஞ்சம்?"

லைன் முழுக்கக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அம்மாவோடு தண்ணீர் எடுக்கப் போனவர்கள்கூடக் கொஞ்சம் தள்ளியே நடந்தார்கள். அம்மாவுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. குடத்தை முன்னைவிட நிமிர்ந்து தூக்கி வந்தாள்.

நர்ஸ் படிப்பு விஷயம் இப்படி. ஏற்காட்டில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் சிஸ்டர் ஒருவர், ஜோலார்பேட்டைக்கு அப்பால் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எனக்காகப் பேசி வைத்திருந்தார். புது வருஷத்தில் சேர்க்கை. குறித்த நாளில், பொழுது சாய்வதற்குள், பெரியவர் ஒருவர் நேரில் வந்து பிள்ளையை ஒப்படைக்க வேண்டும். தவறினால் அந்த இடம், காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். சிஸ்டர் இதை இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அப்பாவால் அவ்வளவு தூரம் வர முடியாது. அம்மா ரயிலில் ஏறியதே இல்லை. "ஏறுனா ஓடப்போகுது. அதுல என்ன இருக்குது" என்றாள்.

உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. இடம் கிடைத்தால் படிக்கிறது. கிடைக்காவிட்டால் திரும்பி வந்து பேரைப் பதிந்துவிடுவது. பறிப்பு முடிய நாள் இருந்தது, வீடு எங்கேயும் போய்விடாது. அந்த நினைப்பில்தான் தைரியமாகக் கிளம்பினேன். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். "போயிட்டு வா சாமி" என்றார்.

பனியில் இரண்டு பஸ் மாறிச் சேலம் ஜங்ஷனுக்கு வந்து, காலை பாசஞ்சரில் ஏறினோம். கடைசிக்கு முந்தைய பெட்டி. அம்மா நேராகப் போய் வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்தாள். வலது பக்கம்தான் மலை தெரியும் என்று பிளாட்பாரத்தில் யாரையோ விசாரித்து வைத்திருந்தாள். எங்களுக்கு எதிரே ஒரு குடும்பம் வந்தது. ஏற்காட்டில் லாட்ஜில் தங்கிவிட்டுத் திரும்புகிறவர்கள். அந்த வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. பையில் கொய்யாவும் ஆரஞ்சும் மணந்தன. ஒரு ஜன்னலில் ஒரு பையன் உட்கார்ந்துவிட்டான், இன்னொரு பையனுக்கு ஜன்னல் இல்லை.

"ஏம்மா, கொஞ்சம் தள்ளி உக்காரு. பையன் மலை பாக்கணுமாம். நீங்க மலைக்காரங்கதானே, தினம் பாக்கறதுதானே" என்றார் அந்த ஸ்வெட்டர்க்காரர்.

அம்மா தள்ளவில்லை. "தினம் பாக்கறது உள்ளார இருந்துங்க. வெளியில இருந்து ஒருநாளும் பாத்ததில்லீங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பையைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

வண்டி கிளம்பி, வெள்ளைக்கல் தோண்டிக் கொட்டிய மேடுகளைத் தாண்டியதும் சேர்வராயன் மலை எழுந்து நின்றது. நான் எத்தனையோ முறை பஸ்ஸில் அந்த மலையை ஏறி இறங்கியிருக்கிறேன். அதன் உடம்பை அன்றுதான் பார்த்தேன். அடிவாரத்தில் கருவேலமும் சோளக்காடும், அதற்குமேல் ஓடைகள் கீறிய சரிவுகள், எல்லாவற்றுக்கும் மேலே பனி இன்னும் விலகாத தலை. வண்டி போகப் போக மலையும் கூடவே வந்தது. ஒரு முகடு போனால் அதன் பின்னால் இன்னொன்று வந்தது. தின்னப்பட்டி போனது, டேனிஷ்பேட்டை போனது, மலை முடிகிற வழியைக் காணோம். அம்மா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துத் தேடிக்கொண்டே இருந்தாள்.

"நம்ம எஸ்டேட்டு எங்க கண்ணு?"

"இந்தப் பக்கம் தெரியாதும்மா. அது மலைக்கு அந்தாண்ட."

"இத்தனையும் தாண்டியா?"

"ஆமா."

அம்மா நெற்றியைக் கம்பியிலிருந்து எடுத்தாள். அப்புறம் சத்தமாகவே சொன்னாள். "அப்ப அந்த ரைட்டர் நம்மள மெரட்டறது இதுல ஒரு மூலையை வெச்சுக்கிட்டுத்தானா. நாம என்னமோ மலையே அவங்களுதுன்னு நெனச்சுக் கெடந்தோம்."

அப்படிச் சொன்ன அம்மாவின் முகம் எனக்கு மறக்காது. கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்த முகம். வெறும் இயற்கைக் காட்சி பார்க்க ரயிலில் போகிறவர்கள் போகட்டும். என் அம்மா அந்த ஜன்னலில் பார்த்தது வேறு. எங்களை மூன்று தலைமுறையாகக் கட்டி வைத்திருந்த இடம் எவ்வளவு சின்னது என்று பார்த்தாள்.

டேனிஷ்பேட்டைக்கு அப்புறம் காடு இரண்டு பக்கமும் நெருங்கியது. லோக்கூர் வரைக்கும் ஏற்றம். பாறையை வெட்டிப் பாதை போட்டிருந்தார்கள். பாறைச் சுவரில் தண்ணீர் கசிந்து பாசி படிந்திருந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது. வளைவில் முன்னால் போகிற என்ஜின் தெரிந்தது. அது இழுக்கிற சத்தம் மாறியது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. மலை வண்டியில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். அம்மா கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

வண்டி நின்றது. சிக்னல் கிடைக்கவில்லையாம். நின்ற வண்டி, ஒரு குலுக்கலோடு கொஞ்சம் பின்னால் வந்தது.

அவ்வளவுதான். அம்மா எழுந்ததை நான் பார்க்கவில்லை, கதவருகே அவள் புடவைதான் தெரிந்தது. கீழே குதித்துவிட்டாள். தண்டவாளத்தின் ஓரத்தில் எல்லாம் பொடி ஜல்லி. அதையெல்லாம் தள்ளிவிட்டு, சரிவிலிருந்து ஒரு பெரிய கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து சக்கரத்துக்குப் பின்னால் வைத்தாள். "கண்ணு, இன்னொன்னு எடு" என்று கத்தினாள். நான் யோசிக்கவில்லை. இறங்கி, தேடி, தூக்கி, வைத்துவிட்டேன். வைத்து முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் ஜன்னல் ஜன்னலாக முகங்களைப் பார்த்தேன். எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன.

ஸ்வெட்டர்க்காரர் எல்லாரையும்விட நன்றாகச் சிரித்தார். "ரயிலுக்குக் கல்லு வெக்கறாங்கடா பாரு" என்று பையனுக்குக் காட்டினார்.

கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு ஓடி வந்தார். பச்சைக்கொடி கையில், முகம் சிவப்பு. முதலில் இரண்டு கல்லையும் காலால் தள்ளிவிட்டார்.

"ஏம்மா, தண்டவாளத்துல கல்லு வெக்கறது எவ்ளோ பெரிய குத்தம் தெரியுமா? வண்டி கவுந்தா யார் பொறுப்பு?"

"உருண்டா யாருங்க பொறுப்பு?" என்றாள் அம்மா. "பின்னால வந்துச்சுங்களா இல்லீங்களா?"

"அது அப்படித்தான் வரும். பிரேக் புடிச்சிருக்கு. இது ரயிலு, உருளாது."

"எங்க லாரிக்காரரும் இதையேதாங்க சொன்னாரு."

கார்டு சொன்னது சரி. அந்த வண்டி உருண்டிருக்காது. இது எனக்கு அப்புறம் நன்றாகப் புரிந்தது, அம்மாவுக்கும் புரிந்திருக்கும். ஆனால் ஒரு காலைப் பறிகொடுத்த வீட்டுக்காரியிடம் போய், பிரேக் பிடித்திருக்கிறது, நம்பு என்று சொன்னால் அவள் ஏன் நம்ப வேண்டும்? சிரித்தவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை.

"வாய் வேற. லோக்கூர்ல ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட ஒப்படைக்கறேன், அவர் போலீஸைக் கூப்பிட்டுக்குவாரு. யார் யார் வெச்சீங்க?"

லோக்கூரில் இறங்கினால் பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேர முடியாது. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ரெண்டையும் நாந்தானுங்க வெச்சேன்."

"இந்தப் பொண்ணு?"

"இது யாருன்னே தெரியாதுங்க. கூட உக்காந்துட்டு வந்துச்சு."

"எங்கம்மாங்க இவங்க. நானும் வெச்சேங்க" என்றேன்.

"புள்ளை பொய் சொல்லுதுங்க" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே, கார்டு பார்க்காதபடி என் கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். சதை பிய்ந்துவிடும் போல வலித்தது. குனிந்து புடவையை உதறுவதுபோல என் காதோரம் சொன்னாள்: "லோக்கூர்ல நீ எறங்குனீன்னா, உன்னையத் தொட்டுப் பேச மாட்டேன். ஏறு."

கார்டு எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டு பேர் மூக்கும் ஒன்றுதான். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். "யாராவது ஒருத்தர் போதும். நீ ஏறு பாப்பா" என்றார்.

லோக்கூரில் அம்மா இறங்கினாள். பின்னால் பாறை, முன்னால் மலை, நடுவில் அந்தச் சின்ன ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் கார்டோடு நடந்து போனபோதுகூட அவள் தலை குனியவில்லை. கார்டுதான் வேகமாக நடந்தார். அம்மா நிதானமாகப் போனாள். வண்டி நகர்ந்தது. நான் அம்மாவின் ஜன்னலில் உட்கார்ந்து, என் இடத்தில் பையை வைத்தேன்.

"அந்தம்மாதான் இல்லையே. பையன் உக்காரட்டுமே" என்றார் ஸ்வெட்டர்க்காரர்.

"அவங்க இல்லீங்க. அவங்க எடம் இருக்குது."

பொம்மிடி வரைக்கும் அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நான் பையை எடுக்கவில்லை. அவ்வளவு பெரிய ஆள் ஒருவரிடம் அதற்கு முன்னால் நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசிப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. மொரப்பூர் வந்தபோது மலை பின்னால் போய்விட்டிருந்தது, வெறும் பொட்டல். அப்போது அழுதேன். அழுததை அவர்கள் யாரும் பார்க்காதபடி வெளியே பார்த்துக்கொண்டு அழுதேன்.

ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டு நடந்து போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். மற்ற பெண்கள் அப்பாக்களோடும் மாமாக்களோடும் தகரப் பெட்டிகளோடும் வரிசையில் நின்றார்கள். என் முறை வந்ததும் மேட்ரன், வெள்ளைச் சேலை கட்டிய உயரமான அம்மா, என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கூட வந்தவங்க?"

"அம்மா வர்றாங்க."

"எங்கே?"

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. மறைத்தால் அம்மாவைத் தெரியாது என்று நானும் சொன்னதாகும். "ரயில் மேட்டுல நின்னுச்சுங்க. உருண்டுரக் கூடாதுன்னு எங்கம்மா சக்கரத்துக்குக் கல்லு வெச்சாங்க. லோக்கூர்ல எறக்கி வெச்சுக்கிட்டாங்க. வந்துருவாங்க."

வரிசையில் சிரிப்பு கேட்டது. மேட்ரன் சிரிக்கவில்லை. பெரியவர் இல்லாமல் சேர்க்க முடியாது, ஒதுங்கி நில் என்றார். நான் படியில் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு மேல் ஒருவர் வந்து, ஊருக்குத் திரும்பிப் போ, வீணாக ஏன் காத்திருக்கிறாய் என்றார். எழுந்திருக்க மாட்டேன் என்றேன். காத்திருந்த அடுத்த பிள்ளையும் அவள் அப்பாவும் எதிர்ப் படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. ஆனால் எழுந்திருக்கவில்லை.

பொழுது சாய்ந்து, வராந்தாவில் விளக்குப் போட்ட பிறகு அம்மா வந்தாள். கால் முழுக்கப் புழுதி. ஸ்டேஷன் மாஸ்டர் உட்கார வைத்து விசாரித்துவிட்டு, அடுத்த பாசஞ்சரில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அது தாமதம். அம்மா என்னைப் பார்த்து நின்றாள், பிறகு நேராக மேட்ரனிடம் போனாள்.

"நாந்தாங்க இவங்கம்மா. சேத்துக்குங்க."

"நேரம் முடிஞ்சிடுச்சும்மா" என்றார் மேட்ரன். குரலில் கடுமை இல்லை, களைப்புதான் இருந்தது. "நான் ஒண்ணும் பண்ண முடியாது. இந்த வருஷம் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அடுத்த வருஷம் நேரத்தோட வாங்க."

"எந்த ஊட்டுக்குங்க?"

மேட்ரனுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"புள்ளை வேலைக்கு வராது, ஊடு எங்களுக்கு வேண்டாம்னு நேத்தே ரைட்டர்கிட்டச் சொல்லிட்டேங்க. காலையில நாங்க இந்தப் பக்கம் கெளம்புனதும் இவங்கப்பா சாமானைக் கட்டிக்கிட்டு வெள்ளக்கடைக்குப் போயிருப்பாரு. அங்க ஒரு தோட்டத்துல காவலுக்குக் கேட்டிருக்கறோம். குடுப்பாங்களோ மாட்டாங்களோ. ஊடுன்னு ஒண்ணு இருந்தா, இது முடியலைன்னா அதுன்னு புள்ளைக்கு மனசு போகுமுங்க. எனக்கும் போகும். அதான் இல்லாமப் பண்ணிட்டேன். அடுத்த வருஷம்னு எங்களுக்கு ஒண்ணு இல்லீங்க."

கெஞ்சுகிற குரலில் அவள் சொல்லவில்லை. விலை சொல்கிறவர்கள்போல நின்று சொன்னாள். மேட்ரன் எதிர்ப் படியைப் பார்த்தார். அந்தப் பிள்ளையின் அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் மேட்ரன் வெகுநேரம் அம்மாவைப் பார்த்தார்.

"இன்னொரு கட்டில் போடச் சொல்றேன். ரெண்டு பேரும் உள்ளே வாங்க" என்று என்னையும் அந்தப் பிள்ளையையும் காட்டிச் சொன்னார்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அத்தனை வழியும் நான் நம்பிக்கொண்டு வந்த வீடு காலையிலேயே இல்லாமல் போயிருக்கிறது. "யாரைக் கேட்டு ஊட்டைக் குடுத்தே? இப்ப நீ எங்கம்மா போவ?" என்று அத்தனை பேர் முன்னாலும் அழுதேன்.

அம்மா என் முகத்தைத் தன் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள்.

"அழறதெல்லாம் திரும்பிப் போக ஊடு இருக்கறவங்க அழட்டும் கண்ணு. நீ உள்ள போ."

நான் உள்ளே போனேன்.